பறவை கீழே இறங்கும் நாளைப் பார்த்துப் போங்கள்

ஸ்காபரோவில் இருக்கிற தம்பி ஒருவர் கேட்டது இது: "அண்ணை, போன வருடம் 150-600 லென்ஸ் ஒன்று வாங்கினேன். மே மாதம் முழுக்க வார இறுதிகளில் ரொறன்ரோ ஏரிக்கரையில் இருக்கிற ரொமி தொம்சன் பார்க்குக்குப் போனேன், ஒருமுறை பொயின்ற் பீலிக்கும் போனேன். வார்ப்ளர் என்கிற சின்ன வலசைக் குருவிகளின் படம் என்று வந்தது எல்லாம் ஒன்றில் இலைக்குப் பின்னால் ஒரு வால், இல்லாவிட்டால் வெள்ளை வானத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. இன்னும் நீளமான லென்ஸ் வாங்கவேணுமா, அல்லது இந்தக் குருவிகளுக்கு வேறு ஏதும் வழி இருக்கா?"

தம்பி, லென்ஸ் வாங்கவேண்டாம். காசை மிச்சம் பிடித்து, அதில் ஒரு பகுதியை பீலிக்கு இன்னொரு தடவை போக எண்ணெய்க்கு வையுங்கள்.

ஏன் என்று கணக்காகவே பார்ப்போம். ஒரு வார்ப்ளர் கிட்டத்தட்ட 12 சென்ரிமீற்றர் நீளம். அது 20 மீற்றர் தூரத்தில், மர உச்சியில் நிற்கிறது என்று வையுங்கள். முழுச் சட்டக கமராவில் 600 மிமீ லென்ஸ் போட்டால், அது படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான் வரும். 800 மிமீ வாங்கிப் போட்டால் ஏழிலோ எட்டிலோ ஒரு பங்கு. அவ்வளவுதான் வித்தியாசம், அதுவும் வயிற்றைத்தான் பெரிதாக்கிக் காட்டும். அதே 600ஓடு பறவை ஆறு மீற்றருக்கு வந்தால் படத்தின் மூன்றில் ஒரு பங்கை நிரப்பிவிடும், அதுவும் கண்மட்டத்தில் என்றால் கண்ணில் ஒளிப்பொட்டு விழும், பின்னணி கரைந்து போகும். ஆக உங்களுடைய பிரச்சினை தூரமும் கோணமும். இரண்டையும் கடைக்காரர் தீர்த்துவைக்க மாட்டார். எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தப் பற்றைக்கு முன்னால் நிற்கிறீர்கள் என்பதுதான் தீர்க்கும். பறவை கீழே இறங்குகிற நாட்கள் என்று சில இருக்கின்றன, அவற்றை முன்கூட்டியே ஓரளவு சொல்லவும் முடியும்.

அதற்கு இந்தக் குருவிகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பது தெரியவேணும். பிளாக்பேர்னியன் வார்ப்ளரை எடுங்கள். ஆணின் தொண்டை தணல் மாதிரி செம்மஞ்சள், எல்லாரும் மே மாதத்தில் தேடி அலைகிற பறவை. எடை பத்துக் கிராம்தான் வரும். குளிர்காலத்தைத் தென்னமெரிக்காவில், கொலம்பியா, எக்குவடோர் பக்கத்து அந்தீஸ் மலைக் காடுகளில் கழித்துவிட்டு, ஒன்ராறியோவின் ஊசியிலைக் காடுகளில் கூடு கட்ட வருகிறது. இந்த இனங்கள் பெரும்பாலும் பறப்பது இரவில். பொழுது பட்டு அரை மணி, முக்கால் மணி கழித்துக் கிளம்பும், தெற்குக் காற்று முதுகில் தள்ளினால் விடியும்வரை போகும், விடியும்போது கீழே என்ன இருக்கிறதோ அதில் இறங்கிச் சாப்பிடும். விடிகிற நேரத்தில் ஈரி ஏரிக்கு மேலேயோ ஒன்ராறியோ ஏரிக்கு மேலேயோ மாட்டிக்கொண்ட பறவைக்கு வேறு தெரிவு இல்லை, முதலில் கண்ணில் படுகிற கரையில் விழவேண்டியதுதான். பொயின்ற் பீலி அவ்வளவு பெயர் வாங்கியது இதனால்தான்: கனடாவின் பெருநிலப் பகுதியில் தெற்கே கடைசி முனை, ஈரி ஏரிக்குள் கூர்மையாக நீட்டிக்கொண்டு நிற்கிறது, களைத்து வருகிற பறவைக்கு முதல் தரை. 1918இலேயே தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். உங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ஸ்காபரோ கரையும் சின்ன அளவில் இதே வேலையைத்தான் செய்கிறது, அந்தப் பக்கம் நியூயோர்க்கிலிருந்து ஏரியைத் தாண்டி வருகிறவைக்கு.

சரி, இதில் ஒரு விஷயம் பலருக்கும் பிடிபடுவதில்லை. இரவு முழுக்க நல்ல தெற்குக் காற்று, தெளிந்த வானம், விடிய வெயில் என்றால் நாங்கள் சந்தோஷமாகக் கமராவைத் தூக்கிக்கொண்டு போவோம், ஆனால் பறவைகளுக்கும் அது நல்ல பயண நாள்தானே. நிறைய எங்கள் தலைக்கு மேலால் போய், உள்நாட்டுக் காடுகளில் பரவிவிடும். இறங்கியவையும் வெயில் ஏற ஏற மர உச்சிக்குப் போய்விடும், பூச்சி அங்கேதான். உங்களுக்குக் கிடைத்த கறுப்புப் பொட்டு இந்த நாட்களில் எடுத்ததாக இருக்கும், வார இறுதியில் வானிலை நல்லது என்று பார்த்துத்தானே போயிருப்பீர்கள்.

படத்துக்கு வேண்டியது வேறு. முன்னிரவில் தெற்கே, அதாவது ஒஹாயோ, பென்சில்வேனியா, மேற்கு நியூயோர்க் பக்கம், சூடான தெற்குக் காற்று வீசி ஏராளமான பறவைகள் கிளம்பியிருக்கவேணும், நடுச்சாமத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் மழையோ வடக்குக் காற்றோ குறுக்கே வந்து அவற்றை மறிக்கவேணும். அப்படி மறித்தால் அவை கரையிலேயே விழும், புல்வெளியில், நடைபாதையில், வாகனத் தரிப்பிடத்துச் செடியில் எல்லாம் நிற்கும். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவைதான் அது உச்சத்தில் நடக்கும், சில வருடம் நடக்கவே நடக்காது. ஆனால் அதில் பாதி அளவு நடந்தாலே உங்களுக்குப் போதும்.

இதைப் பார்க்க வழி இருக்கிறது. கோர்னெல் பறவையியல் ஆய்வகம் முதலான சில நிறுவனங்கள் சேர்ந்து நடத்துகிற பேர்ட்காஸ்ற் தளம், வானிலை ராடாரில் தெரிகிற பறவைக் கூட்டங்களைக் கணக்கிட்டு, இரவில் எங்கே எவ்வளவு பறக்கிறது என்று வரைபடம் போடுகிறது. முன்னறிவிப்பும் உண்டு. அது அமெரிக்கப் பகுதியை மட்டும்தான் காட்டும், கனடா வெறுமையாகக் கிடக்கும். பரவாயில்லை, நீங்கள் பார்க்கவேண்டியது ஏரிக்கு அந்தப் பக்கம்தான். படுக்கப்போக முன்னர், பத்துப் பத்தரை மணிக்கு, பபலோ, கிளீவ்லண்ட் பக்கத்து நிறத்தைப் பாருங்கள், பிறகு சுற்றுச்சூழல் கனடாவின் மழை ராடாரைப் பாருங்கள். அங்கே பிரகாசம், இங்கே மழை நெருங்குகிறது என்றால் ஐந்து மணிக்கு எழும்ப அலாரம் வையுங்கள். வேலைக்கு லீவு போடுவது உங்கள் விருப்பம், நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது வகை நாள், குளிர் நாள். இதைத்தான் அதிகம் நம்பலாம், ஏனென்றால் ஒவ்வொரு மே மாதத்திலும் இது வந்தே தீரும். வெப்பநிலை ஏழு எட்டுப் பாகையில் நிற்கிறது, வானம் மூடிக்கிடக்கிறது, ஏரியிலிருந்து காற்று அறைகிறது, மனிசர் எல்லாரும் வீட்டில். இந்த நாளில் மர உச்சியில் பூச்சி பறக்காது. ஏரியிலிருந்து வெளிவருகிற சின்னப் பூச்சிகள், நுளம்பு மாதிரித் தெரியும் ஆனால் கடிக்காது, அவை காற்றுக்குப் பயந்து கரையோரச் செடிகளின் மறைவுப் பக்கத்தில் அப்பிக்கொண்டு கிடக்கும். வார்ப்ளர்கள் அங்கேதான் இறங்கும். முழங்கால் உயரத்தில், சில நேரம் கடற்கரை மணலிலேயே, உங்களைக் கணக்கில் எடுக்காமல் பொறுக்கிக்கொண்டு திரியும். ஆகவே போனவுடன் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள், பற்றையின் எதிர்ப்பக்கத்துக்குப் போங்கள், அந்தப் பூச்சி மொய்க்கிற இடத்தைக் கண்டுபிடியுங்கள், அதற்கு முன்னால் குந்தியிருங்கள். மூடிய வானம் படத்துக்கும் நல்லது. மஞ்சள், செம்மஞ்சள் இறகுகளில் வெயில் நேரே விழுந்தால் விவரமெல்லாம் வெளிறிப்போகும், முகில் வெளிச்சத்தில் ஒவ்வொரு இறகும் தெரியும்.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். அந்த நாளில் பறவை கிட்ட வருவது எங்களில் நம்பிக்கை வைத்து அல்ல, பசியில். இரவு முழுக்கப் பறந்து கொழுப்பைக் கரைத்துவிட்டு வந்த பத்துக் கிராம் உயிர், அன்றைக்குச் சாப்பிடாவிட்டால் செத்துப்போகக்கூடும். நீங்கள் ஒரு அடி முன்னே போக அது சாப்பிடுவதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால் அந்த அடி கூடிப்போய்விட்டது, பின்னுக்கு வாருங்கள். இருந்த இடத்திலேயே இருந்தால் அது தானாக இன்னும் கிட்ட வரும், சில நேரம் லென்ஸின் மிகக்குறைந்த குவியத் தூரத்துக்கும் உள்ளே வந்து வெறுப்பேற்றும்.

எப்போது போவது? ஏப்ரல் கடைசியில் பைன், பாம், யெலோ-றம்ப்ட் வார்ப்ளர்கள் வந்துவிடும். இவற்றை ஆட்கள் மதிப்பதில்லை, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மரங்கள் மொட்டை, குச்சிகள்தான் இருக்கும், பறவை ஒளிய இடமே கிடையாது, பழகுவதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை. மே இரண்டாம் மூன்றாம் வாரம்தான் ரொறன்ரோவில் உச்சம், மக்னோலியா, பிளாக்பேர்னியன், செஸ்நட்-சைடட், பே-பிறெஸ்ரட் என்று ஒரே மரத்தில் ஏழெட்டு வகை நிற்கும். பீலியில் ஒரு சில நாள் முந்தும். மே 20 அளவில் வருகிற விக்ரோறியா தின வார இறுதிக்குப் பிறகு இலை முழுக்க விரிந்துவிடும், அப்போது வருவது பிளாக்போல், கனடா, வில்சன்ஸ், மோர்னிங். பிளாக்போல் பற்றி ஒரு சின்னத் தகவல்: இலையுதிர் காலத்தில் இந்தப் பன்னிரண்டு கிராம் குருவி கனடாவின் கிழக்குக் கரையிலிருந்தும் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலிருந்தும் அத்திலாந்திக்கு மேலால், தரையே தொடாமல், இரண்டு மூன்று நாளில் 2,500 கிலோமீற்றர் அளவு பறந்து கரீபியன் தீவுகளுக்குப் போகிறது. முதுகில் சின்னப் பதிவுக் கருவி கட்டி அதை 2015இல் நிரூபித்தார்கள். மே கடைசியில் உங்கள் தெருவில் மேப்பிள் மரத்து உச்சியில் பூச்சி மாதிரி ஒரு மெல்லிய கீச்சுச் சத்தம் கேட்டால் அது இவராக இருக்கலாம்.

இடங்கள். தூரம் போகத்தான் வேணும் என்று நினைக்காதீர்கள். ஸ்காபரோ பிளஃப்ஸ் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது, அதைப் படத்துக்குப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. சரிவில் வளர்ந்த மரங்களின் உச்சி, மேலே நிற்கிற உங்கள் கண்மட்டத்துக்கு வரும். மர உச்சிப் பறவைக்கு அண்ணாந்து பார்த்து கழுத்து உளைகிறதற்கு இங்கத்தைய ஆட்கள் 'வார்ப்ளர் நெக்' என்று பகிடியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், அதற்கு மருந்து இதுதான். றோசெற்றா மக்லெயின் தோட்டம், கில்ட் பார்க் இரண்டிலும் அப்படி இடங்கள் உண்டு. ஆனால் கரை தென்கிழக்கைப் பார்த்து நிற்பதால் வெயில் காலையில் ஏரிப் பக்கம் பார்த்தால் வெளிச்சம் முகத்தில் அடிக்கும், பறவை கறுத்துப்போகும். அங்கே முகில் மூடிய காலையில் போங்கள், அல்லது பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வெயில் உங்கள் முதுகில் இருக்கும்போது போங்கள். பின்னேரத்தில் பறவை சாப்பிடாது என்று யார் சொன்னாரோ தெரியாது, இரவு திரும்பக் கிளம்ப வேண்டியவை நன்றாகவே சாப்பிடும், ஆட்களும் குறைவு. வேலியைத் தாண்டவேண்டாம், அந்த மண் அடிக்கடி சரிந்து விழும், தீயணைப்புப் படை வந்து ஆட்களைத் தூக்குவது வருடாவருடம் நடக்கிற சங்கதி.

ஈஸ்ற் பொயின்ற் பார்க், றூஜ் ஆறு ஏரியில் விழுகிற இடம், இரண்டும் குளிர் நாட்களுக்கு நல்லது, கரையோர வில்லோ மரங்களும் சிவப்புத் தண்டுப் பற்றைகளும் இருக்கின்றன. கொஞ்சம் கிழக்கே விற்பியில் திக்சன்ஸ் வூட்ஸ், ஏரிக்கரையில் தப்பி நிற்கிற பழைய வெள்ளைப் பைன் சோலை. மரங்களை வெட்டத் தொடங்கிய நேரத்தில், 1980களில், இயற்கை ஆர்வலர்கள் காசு சேர்த்து அந்தக் காணியை வாங்கிக் காப்பாற்றினார்கள். சின்னக் காடு, சுற்றி வீடும் வெளியும், ஏரியைத் தாண்டி வந்த பறவைக்கு ஒதுங்க வேறு இடம் இல்லை, அதனால் உள்ளே நெருக்கமாக நிற்கும். மேற்கே ஹை பார்க்கில் கறுப்பு ஓக் மரங்கள் பூக்கிற வாரத்தைப் பாருங்கள். ஓக் பூக்கிறபோது சின்னப் புழுக்கள் பெருகும், வார்ப்ளர்களுக்கு அதுதான் விருந்து. மேப்பிள் மரத்தில் ஒன்றுமில்லாத காலையில் பக்கத்து ஓக்கில் பத்து நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

ரொமி தொம்சன் பார்க் நல்ல இடம்தான். 1950களின் கடைசியிலிருந்து கட்டட இடிபாடுகளைக் கொட்டிக் கொட்டி ஏரிக்குள் ஐந்து கிலோமீற்றர் நீட்டிய மண், இன்று பறவை வந்திறங்கும் முனை. நீங்கள் செய்வது என்னவென்றால் நடப்பது, முனைவரை நடந்து போய்த் திரும்ப நடந்து வருவது. படம் எடுக்க அது தேவையில்லை. வாசலிலிருந்து முதல் ஒன்றிரண்டு கிலோமீற்றருக்குள்ளேயே நல்ல பற்றைகள் இருக்கின்றன, அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருங்கள். கிழமை நாட்களில் பின்னேரம்தான் திறப்பது வழக்கம், போகுமுன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீலிக்கு வாரநாளில் போங்கள். மே இரண்டாவது வார இறுதியில் அங்கே போனால் பறவையைவிடத் தொப்பிகள்தான் படத்தில் வரும். முனைக்கு விடியற்காலையில் எல்லாரும் ஓடுவார்கள், பார்க்க அருமையான இடம், ஆனால் அங்கே பறவைகள் நிலையாக நிற்பதில்லை. வடக்கே போகவேண்டிய பறவைகள் விடியும்போது முனையிலிருந்து தெற்குப் பக்கம் திரும்பிப் பறக்கிற விசித்திரமும் அங்கே நடக்கும், ஏன் என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். படம் வேண்டுமென்றால் ரில்டன் வூட்ஸ் பாதை, உட்லண்ட் பாதை, டிலோறியே பாதை இவைதான். தண்ணீர் தேங்கிய காட்டுப் பகுதியில் ஒரு புறொதொனொட்டரி வார்ப்ளர், கனடாவில் அழிவின் விளிம்பில் இருக்கிற பொன்மஞ்சள் பறவை, தண்ணீருக்கு மேலே சாய்ந்த மரக்குற்றியில் வந்து நின்றால் அன்றைய எண்ணெய்க் காசு வசூல்.

இப்போது நீங்கள் கேட்காத ஒரு விஷயம், ஆனால் அதுதான் முக்கியம்: எதைக் கேட்டு, எங்கே நிற்பது. வந்து போகிற வார்ப்ளர்களுக்கு இந்த இடம் புதிது, இங்கேயே வருடம் முழுக்க இருக்கிற சிக்கடி என்ற சின்னக் குருவிக்குப் பூச்சி இருக்கிற மரமும் தெரியும், பருந்து வருகிற வழியும் தெரியும். அதனால் வார்ப்ளர்கள் சிக்கடிக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு திரியும். காடு வெறிச்சென்று கிடந்தால் 'சிக்-எ-டீ-டீ' என்ற குரல் எங்கே என்று கேளுங்கள், அங்கே போங்கள், கூட்டம் எந்தத் திசையில் நகர்கிறது என்று இரண்டு நிமிடம் பாருங்கள், பிறகு சுற்றிக்கொண்டு அவற்றுக்கு முன்னால் போய் நில்லுங்கள். பின்னால் துரத்தினால் உங்களுக்குக் கிடைப்பது வால்தான், அதுதான் இவ்வளவு நாளும் கிடைத்திருக்கிறது. மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், நல்ல உதவி, ஆனால் அது சொன்னதையெல்லாம் நம்பிப் பட்டியல் போடவேண்டாம். அது பெயர் காட்டினால் 'இந்தப் பக்கத்தில் ஒன்று இருக்கலாம், தேடு' என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே ஒளிந்து திரிகிற ஆட்கள் வேறு கட்சி. மோர்னிங் வார்ப்ளர், கனெற்றிக்கற் வார்ப்ளர், இவை தரையோடு தரையாகப் பற்றைக்குள் திரிகிறவை, மே கடைசியில்தான் வரும். கனெற்றிக்கற்றைப் பார்க்காமலே பத்துப் பதினைந்து வருடம் பறவை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இவற்றைத் தேடிப் பற்றைக்குள் நுழைந்தால் முடிந்தது கதை. பற்றை முடிந்து வெளி தொடங்குகிற விளிம்பில், காய்ந்த இலை கிடக்கிற இடமாக, முடிந்தால் ஒரு சின்னத் தண்ணீர்த் தேக்கம் இருக்கிற இடமாகப் பார்த்துத் தரையில் இருங்கள். கமராவை முழங்காலில் வையுங்கள். குறைந்தது அரை மணித்தியாலம். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது, பிறகு காட்டு ஒலிகள் திரும்பத் தொடங்கும், ஓவன்பேர்ட் என்கிற தரை வார்ப்ளர் கோழிக்குஞ்சு நடையில் வெளியே வரும், அதற்குப் பிறகுதான் மற்றவை. ஊரில் மன்னார்ப் பக்கம் வலசை வருகிற பூநாரைகளையும் தாராக்களையும் திறந்த சேற்றுவெளியில் தூரத்திலிருந்து எடுத்துப் பழகியவர்களுக்கு இந்தப் பொறுமை முதலில் கஷ்டமாக இருக்கும். ஆறுமணிக் குருவியைத் தோட்டத்துக்குள் தேடிப் பார்த்தவர்களுக்குப் பழக்கமான வேலை, அதே குணம்தான், இலைச் சருகைப் புரட்டிக்கொண்டு நிழலுக்குள்ளேயே திரியும்.

கறுப்புச் சொண்டுக் குயிலும் இப்படித்தான், ஆனால் அது மரத்தில் அசையாமல் இருந்து ஒளிகிறது. மயிர்ப்புழுக் கூடு பின்னிய மரம் கண்டால் நின்று ஒவ்வொரு கிளையாகப் பாருங்கள்.

கமராவுக்கு வருவோம், இதில் நான் அதிகம் சொல்லப்போவதில்லை. மனுவல் முறை, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) மட்டும் தானியங்கி. லென்ஸின் துளையை (அப்பேர்ச்சர்) முழுக்கத் திறந்து வையுங்கள், உங்கள் லென்ஸில் f/6.3. ஷட்டர் 1/1000 க்குக் கீழே போகாமல் பாருங்கள், பறவை ஓரிடத்தில் நின்று பாடினால் 1/500 வரை இறக்கலாம். ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறட்டும், பயப்படவேண்டாம், அதனால் படத்தில் வருகிற புள்ளி இரைச்சலை இன்றைய மென்பொருட்கள் துடைத்துவிடும், அசைவில் கலங்கிய படத்தை எதுவும் காப்பாற்றாது. றோ (RAW) கோப்பாக எடுங்கள். வெள்ளை வானத்துக்கு எதிரே எடுக்கவேண்டி வந்தால் வெளிச்சத்தை ஒன்று, ஒன்றரை ஸ்ரொப் கூட்டுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கறுப்புப் பொட்டுத்தான் திரும்பவும் வரும்.

குவியம்தான் உங்களுக்கு உண்மையான தலையிடி. விலங்குக் கண்ணைத் தேடுகிற வசதி வெளியான இடத்தில் அற்புதம், குச்சிக் காட்டுக்குள் முன்னால் இருக்கிற குச்சியில் போய்ப் பிடித்துக்கொண்டு விடாது. ஒரு பொத்தானுக்குச் சின்ன ஒற்றைப் புள்ளிக் குவியத்தையும், இன்னொன்றுக்குக் கண்தேடலையும் வையுங்கள். முதலில் புள்ளியால் பறவையைப் பிடியுங்கள், பிறகு மற்றதுக்கு மாறுங்கள். ஆறு மீற்றரில் 600 மிமீ, 6.3 இல் தெளிவாக வருகிற ஆழம் மூன்று நாலு சென்ரிமீற்றர்தான், ஆகவே பறவை பக்கவாட்டில் திரும்புகிற கணத்தில் அடுக்காக எடுங்கள். இன்னொன்று, கண்ணால் பறவையைப் பார்த்துக்கொண்டே, பார்வையை எடுக்காமல், கமராவை முகத்துக்குக் கொண்டுவரப் பழகுங்கள். 600இல் குருவியைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, 150இல் தொடங்கிப் பறவையைச் சட்டகத்துக்குள் வைத்துக்கொண்டு பெரிதாக்குங்கள். இதை வீட்டு முற்றத்தில் சிட்டுக்குருவியோடு பழகலாம், ஏப்ரலிலேயே தொடங்குங்கள்.

முக்காலி வேண்டாம், இந்தப் பறவைக்கு அது இடைஞ்சல். குளிர் காலையில் சூடான காருக்குள்ளிருந்து கமராவை வெளியே எடுத்து உடனே படம் பிடிக்காதீர்கள், லென்ஸுக்குள் இருக்கிற வெப்பம் அடங்கும்வரை படம் கூர்மை இல்லாமல் கலங்கித்தான் வரும், கமராப் பையைப் பின்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனால் பிரச்சினையே இல்லை.

குரல் பதிவைப் போட்டுப் பறவையைக் கூப்பிடுகிற வேலையைப் பற்றியும் நிச்சயம் யாரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். செய்யாதீர்கள். பீலியில் அது தடை. தடை இல்லாத இடத்திலும், பறவை எதிரி ஆண் ஒன்று வந்துவிட்டது என்று நினைத்துச் சண்டைக்கு வருகிறது, ஒரு பயணத்தில் களைத்து நிற்கிற உயிரைக் கிளறி எடுத்த படம் பார்த்தாலே தெரியும், இறகு சிலிர்த்து, வாய் திறந்து, பதட்டமாக இருக்கும். ஆந்தையோ, விப்-புவர்-வில் என்கிற இரவுப் பறவையோ பகலில் தூங்குகிற கிளையைக் கண்டால் இடத்தை எங்கும் போடாதீர்கள். மறுநாள் அங்கே நாற்பது பேர் நிற்பார்கள், அதற்கு மறுநாள் அந்தப் பறவை இருக்காது.

உண்ணி பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. றூஜ் பக்கம் கறுங்கால் உண்ணி இருக்கிறது, அது லைம் நோயைக் காவும். தரையில் இருந்து எடுங்கள் என்று நான் சொல்லியிருக்கிறேன், ஆகவே காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், வீட்டுக்கு வந்து குளிக்கும்போது முழங்காலின் பின்பக்கம், கமக்கட்டு எல்லாம் பாருங்கள். பீலியில் தொட்டால் தோல் அரிக்கிற பொய்சன் ஐவி பாதையோரமெல்லாம் இருக்கும், மூன்று இலைச் செடி, எந்தச் செடியிலும் கைவைக்காமல் இருந்தால் சரி.

உயரமான கட்டடத்தில் இருக்கிறீர்கள் என்றால் மே மாதத்து இரவுகளில் திரைச்சீலையை இழுத்து, தேவையில்லாத விளக்கை அணையுங்கள். வெளிச்சத்தில் குழம்பி, விடிய கண்ணாடியில் மோதிச் செத்த பறவைகளை 1993இலிருந்து இந்த நகரத்தில் ஃபிளாப் என்கிற அமைப்பின் தொண்டர்கள் நடைபாதைகளில் பொறுக்கி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் பற்றைக்கு முன்னால் காத்திருக்கிற அதே மக்னோலியாவும் அதே ஓவன்பேர்டும்தான் அந்தக் கடதாசிப் பைகளுக்குள்ளே இருக்கும்.

இந்த வருடம் வார இறுதிதான் முடியும் என்றால், மே இரண்டாவது மூன்றாவது வார இறுதிகளில் வானிலை மோசமாக இருக்கிற நாளைத் தெரிந்தெடுங்கள். ஈஸ்ற் பொயின்ற்றில் காற்றுக்கு மறைவான பக்கத்தில் ஒரு வில்லோவைப் பிடித்து, ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை நகராமல் இருந்து பாருங்கள். கையுறை கொண்டுபோங்கள், விரல் நுனி வெட்டியது, இல்லாவிட்டால் பொத்தானை அமத்தமுடியாது. படம் வந்தால் அனுப்புங்கள், வராவிட்டாலும் அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம், என்ன பாகை, பறவை எந்த உயரத்தில் நின்றது என்று எழுதி அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டு அடுத்த கிழமை எங்கே நிற்கலாம் என்று கதைப்போம்.